புல் திணித்த கன்று

போன மாதம் என்னை ஒரு பால் விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்று, முட்டி வலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு வீட்டோடு கிடக்கிற ஒரு டீச்சரை எதற்குக் கூப்பிடுகிறார்கள் என்று முதலில் எனக்கே விளங்கவில்லை. ஒரு காலத்தில் இந்த மலையில் எஸ்டேட் பிள்ளைகளுக்குப் பாலும் சுகாதாரமும் பாடம் எடுத்தவள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வீட்டு வாசலுக்கே வேன் வரும் என்றார்கள். வேன் என்றதும் முட்டி வலி கொஞ்சம் குறைந்தது. கிளம்பிவிட்டேன்.

ஏற்காட்டிலிருந்து நாகலூரைத் தாண்டிப் போகிற வழியில் புதிதாக வந்திருக்கிற ஒரு ரிசார்ட்டின் புல்வெளியில்தான் விழா. சேலத்திலிருந்து பஸ்ஸில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை அழைத்து வந்திருந்தார்கள். காப்பிச் செடிகளை எல்லாம் பிடுங்கிவிட்டுப் பாய் விரித்த மாதிரி புல் வளர்த்திருக்கிறார்கள். ஓரத்தில் கிடந்த வாய் பிளந்த பெரிய பாறைக்குப் பச்சை பெயிண்ட் அடித்து, கண் வரைந்து, தவளையாக்கியிருந்தார்கள். நடுவில் ஒரு ஃபைபர் பசு. அதற்கு ரப்பர் காம்பு. பிள்ளைகள் வரிசையில் வந்து காம்பைப் பிழிய, வெள்ளையாக ஏதோ தண்ணீர் வாளியில் பீய்ச்சியடித்தது. பக்கத்திலேயே பஞ்சு அடைத்த கன்றுக்குட்டி ஒன்று. அதை ஒரு பெண் குழந்தை தூக்கித் தோளில் போட்டுக்கொண்டது. எல்லாரும் போட்டோ எடுத்தார்கள்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பக்கத்தில் இருந்த, பிள்ளைகளை அழைத்து வந்திருந்த பள்ளிக்கூடத்து அம்மா, வெயில் படுகிறதா மேடம் என்று கேட்டு நாற்காலியை நகர்த்திப் போட்டார். நீங்கள் நாலு வார்த்தை பேசிவிட்டு ஒரு செடி நட வேண்டும், குழி எல்லாம் தயாராக வெட்டி வைத்தாயிற்று என்றார். தலையை ஆட்டினேன். எனக்கு அவர் சொன்னது பாதிதான் காதில் விழுந்தது. காய்ந்த புல்லும் கல்லுப்பும் பச்சைத் தோலும் சேர்ந்த ஒரு வாடை, பஞ்சுப் பொம்மையில் இருக்கவே முடியாத வாடை, மூக்கில் ஏறி நின்றுகொண்டது.

வாடை என்றதும் எங்கள் கடை ஞாபகம் வருகிறது. ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற இடத்தில் என் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, டீக்கடை. சேலத்திலிருந்து மேலே ஏறி வந்து கடை போட்ட குடும்பம் எங்களுடையது. எனக்குப் பால் என்றால் பாய்லருக்குப் பக்கத்தில் சட்டியில் ஆடை கட்டி நிற்கிற பால்தான். அத்தா பாலில் தண்ணீர் கலப்பார் என்று சொன்னால் பாவம். தண்ணீரில் கொஞ்சம் பால் கலப்பார் என்று வேண்டுமானால் சொல்லலாம். மாடு என்பது எனக்குத் தெருவில் எதிரே வந்தால் கடைக்குள் ஓடி ஒளிய வேண்டிய ஒரு பிராணி. இந்த லட்சணத்தில் இருந்த எனக்குத்தான் முதல் வேலையிலேயே பால் பாடம் வந்து சேர்ந்தது.

நாகலூருக்கு அந்தப் பக்கம் எஸ்டேட் கூலிக்காரர்களின் பிள்ளைகளுக்காக ஒரு சின்னப் பள்ளிக்கூடம் இருந்தது. தகரக் கூரை. மழைக்காலத்தில் மேகம் ஒரு ஜன்னலில் நுழைந்து இன்னொரு ஜன்னலில் வெளியே போகும். நடுவில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளின் முகம் தெரியாது. எந்த ஆபீஸ் என்று இப்போது மறந்துவிட்டது, அங்கிருந்து சார்ட்டுகள் வந்தன. சுத்தமான தொழுவம், மடியைக் கழுவும் பெண், பால், தயிர், மோர், வெண்ணெய், நெய், நகம் வெட்டிய கை. அந்த சார்ட்டில் இருந்த மாடு கறுப்பும் வெள்ளையுமாக இருந்தது. நம் ஊர்த் தரையில் காலே வைத்திருக்காது.

ஒவ்வொரு படமாகக் கம்பை வைத்துக் காட்டி, தினமும் காலையில் ஒரு டம்ளர் பால் குடித்தால் எலும்பு உறுதிப்படும் என்று சொல்லிக்கொடுத்தேன். பிள்ளைகள் கவனமாகக் கேட்டார்கள். கடைசியில் ஒருத்தி எழுந்து, "ஏனுங்க டீச்சர், இதெல்லாம் யாருங்க குடிப்பாங்க?" என்று கேட்டாள். நீங்கள்தான் குடிக்க வேண்டும் என்றேன். வகுப்பே சிரித்தது. காலையில் பால் விடாத வரக்காப்பியும் மத்தியானம் ராகிக் களியும் தின்று வளர்கிற பிள்ளைகள். அவர்கள் சிரித்தது நியாயம். எனக்குத்தான் அன்று கோபம் வந்தது, சார்ட்டின் மேல்.

அந்தக் கேள்வியைக் கேட்டவள்தான் அலமேலு. ஐந்தாம் வகுப்பு. ஒல்லியாக, பெரிய பற்களோடு, எப்போதும் இடுப்பில் ஒரு பிள்ளையைச் சுமக்கிற மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து நடக்கிற பெண். அப்பா சின்னப்பையன் எஸ்டேட்டில் காப்பிச் செடிகளுக்குக் கிளை கழித்துக் கவாத்து வெட்டுகிறவர். வரிசையாகக் கட்டின லைன் வீடுகளில் கடைசி வீடு அவர்களுடையது. வகுப்பிலேயே வீட்டில் மாடு வைத்திருந்தது அவள் ஒருத்திதான். செவலை நிற நாட்டு மாடு, அப்போதுதான் கன்று போட்டிருந்தது. அலமேலுவின் அம்மாவும் அதே சமயத்தில்தான் தம்பியைப் பெற்று எழுந்திருந்தாள். பெற்றதும் வந்த காய்ச்சலில் அவளுக்குப் பால் வற்றிவிட்டது. பிள்ளை பிழைத்துக் கிடந்ததே அந்தச் செவலையின் பாலில்தான்.

அதனால் பால் பாடம் வந்தால் அலமேலுவுக்கு மட்டும் அது பாடம் இல்லை. எழுந்து எழுந்து கேட்பாள். பாலை எவ்வளவு நேரம் காய்ச்ச வேண்டும், ஒரு பொங்கு போதுமா, பால் புகட்டுகிற சங்கை வெந்நீரில் போட வேண்டுமா, மடி கழுவத் துணி தனியாக வேண்டுமா. எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். தெரியாததை அத்தாவிடம் கேட்டு வந்து சொல்வேன். மூன்று பொங்கு பொங்க விட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்று ஒரு நாள் சொன்னதை அவள் வேத வாக்காக எடுத்துக்கொண்டாள். விறகு செலவாகிறது என்று அவள் அம்மா திட்டினாளாம். டீச்சர் சொன்னாங்க என்று இவள் அடுப்பை விட்டு நகரவில்லையாம்.

பிறகு ஒரு நாள் அலமேலு பள்ளிக்கு வரவில்லை. கன்று செத்துப்போயிற்று என்று பிள்ளைகள் சொன்னார்கள். முந்தின நாள் சாயங்காலம்வரை துள்ளிக்கொண்டிருந்த கன்று, விடியும்போது வயிறு ஊதிக் கிடந்திருக்கிறது. மூக்கில் கறுப்பாக ரத்தம். பாம்பு கடித்திருக்கும் என்று லைனில் பேசிக்கொண்டார்கள். கன்று போனால் நாட்டு மாடு பாலை அடக்கிக்கொள்ளும். அன்று காலையே செவலை ஒரு சொட்டுகூட விடவில்லை, மடியில் கை வைத்தால் உதைத்தது. கைப்பிள்ளை பசியில் கத்துகிறது.

இதற்கு மாடு வளர்க்கிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த வழி ஒன்று உண்டு. செத்த கன்றின் தோலை உரித்து, உள்ளே உப்புத் தடவி, வைக்கோலைத் திணித்துத் தைத்து, கன்று மாதிரி செய்து தாயின் முன்னால் வைப்பார்கள். தாய் அதை மோந்து பார்த்து நக்கிக்கொண்டே பால் விடும். எங்கள் மலையில் நெல் ஏது, வைக்கோல் ஏது. சின்னப்பையன் காய்ந்த மலைப்புல்லைத் திணித்தார். காலுக்கு நாலு குச்சி. சாக்கு தைக்கிற ஊசியால் அப்பா தைக்க, தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டவள் அலமேலு. அன்று சாயங்காலமே செவலை இரங்கிவிட்டது.

அதற்கப்புறம் தினமும் கறக்கிற நேரத்துக்கு அந்தக் கன்றைத் தோளில் போட்டுத் தூக்கி வந்து மாட்டின் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நிற்பது அலமேலுவின் வேலை. மாடு கன்றை நக்கும், சில சமயம் அவள் கழுத்தையும் சேர்த்து நக்கும். சொரசொரன்னு கூச்சமா இருக்குதுங்க டீச்சர் என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். அந்த வாரம் அவள் அப்படிச் சந்தோஷமாக இருந்தாள். தம்பிக்குப் பால் நிற்கவில்லை அல்லவா.

அந்தச் சமயம் பார்த்துத்தான் ஓர் அதிகாரி வருகிறார், பால் கண்காட்சி வையுங்கள் என்று உத்தரவு வந்தது. பிள்ளைகள் வீட்டிலிருந்து ஏதாவது கொண்டுவர வேண்டும். லைன் வீட்டில் என்ன இருக்கும்? ஒருவன் வறட்டி கொண்டுவந்தான். ஒருத்தி கழுத்துமணி. நான் கடையிலிருந்து தயிரும் மோரும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். வழியெல்லாம் மோர் சிந்தி என் புடவை புளித்துப்போனதுதான் மிச்சம். வெண்ணெய்க்கு வழியில்லாமல் சார்ட்டில் இருந்த படத்தையே வெட்டித் தட்டில் வைத்தோம்.

அலமேலு அந்தக் கன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். பின்னாலேயே செவலையும் வந்துவிட்டது. கயிற்றை அறுத்துக்கொண்டு, கத்திக்கொண்டு, பள்ளிக்கூடத்து வேலிவரைக்கும். நான் வகுப்புக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டேன் என்பதைச் சொல்லாமல் விட முடியாது. சின்னப்பையன் வந்து மாட்டைப் பிடித்து மரத்தில் கட்டினார். கண்காட்சி நடந்த நேரம் முழுக்க அது வெளியே நின்று கத்திக்கொண்டிருந்தது.

அதிகாரிக்குக் கன்றை ரொம்பப் பிடித்துவிட்டது. தட்டிப் பார்த்தார், தூக்கிப் பார்த்தார், கிராமத்து விஞ்ஞானம் என்று பாராட்டினார். பிள்ளைகள் எல்லாரும் அதன் தலையைத் தடவினார்கள். முதல் பரிசு அலமேலுவுக்கு. ஒரு சோப்பும் ஒரு துண்டும். அவள் சோப்பை மோந்து பார்த்துவிட்டு, இது தம்பிக்கு என்றாள்.

இரண்டொரு நாள் கழித்து அவள் கழுத்தில், தோளுக்குக் கொஞ்சம் மேலே, ஒரு கொப்புளத்தைப் பார்த்தேன். பூச்சிக்கடி மாதிரி சின்னது. மறுநாள் அது உடைந்து நடுவில் கறுத்திருந்தது. கரித்துண்டை ஒட்டி வைத்த மாதிரி கறுப்பு. சுற்றி வீங்கியிருந்தது. என்னடி இது என்று கேட்டேன்.

"வலிக்கவே இல்லைங்க டீச்சர்," என்றாள்.

அதுதான் அதன் சூது என்று எனக்கு அப்போது தெரியாது. யாருக்குமே தெரியாது. வலிக்கிற புண்ணென்றால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்கள். நான் சாயங்காலம் லைனுக்கு நடந்துபோய் அவள் அம்மாவிடம் சொன்னேன். சின்னப்பையனும் தன் கையைக் காட்டினார். அவருக்கும் அதே மாதிரி ஒன்று இருந்தது. எட்டுக்கால் பூச்சிங்க டீச்சர், மஞ்சள் பத்துப் போட்டிருக்கு என்றார். ஞாயிற்றுக்கிழமை வேலை லீவில் கூட்டிப் போகிறேன் என்று சொல்லி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை வரவில்லை, அதற்கு முன்னாலேயே செவலை விழுந்துவிட்டது.

மாடு செத்தால் எஸ்டேட்டில் கணக்கெழுதுகிற ரைட்டர் மாட்டு டாக்டருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். டாக்டர் வந்தார். மாட்டின் மூக்கைப் பார்த்தார், ஊதின வயிற்றைப் பார்த்தார். பிறகு தொழுவத்துத் தூணில் தொங்கிய புல் கன்றைப் பார்த்தார். இது யாருடையது, எப்போது செத்தது, யார் உரித்தது என்று கேட்டார். கேட்டுவிட்டு அவர் ஒரு நிமிஷம் தரையில் குந்திவிட்டார் என்று பின்னால் ரைட்டர் என்னிடம் சொன்னார். அடைப்பான். ஆந்த்ராக்ஸ் என்கிறார்களே, மாட்டை ஒரே நாளில் கொன்று, தொட்ட மனிதருக்கும் தொற்றுகிற நோய். செத்த மாட்டைத் திறக்கவே கூடாது, தோலைத் தொடக் கூடாது. அதை உரித்து, புல் திணித்து, ஒரு பிள்ளையின் தோளில் கொடுத்திருக்கிறார்கள்.

டாக்டர் நேராகப் பள்ளிக்கூடத்துக்கு ஓடி வந்தார். அலமேலு பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். காலையில் வந்தபோதே கழுத்தும் தாடையும் ஒன்றாக வீங்கி, முகம் அவள் முகமாக இல்லை. நானும் வீட்டுக்குப் போகச் சொல்லிப் பார்த்தேன். ஊட்டுல மாடு செத்துக் கெடக்குதுங்க, பாக்க முடியலைங்க என்று அங்கேயே இருந்துவிட்டாள். எஸ்டேட் ஜீப்பில் அவளை ஏற்றினோம். அப்பா முன்னால், நான் பின்னால், என் மடியில் அவள் தலை.

மலை இறங்குகிற பாதையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு வளைவிலும் டிரைவர் பிரேக் போட வேண்டும், ஹாரன் அடிக்க வேண்டும், எதிரே பஸ் வந்தால் பின்னால் எடுத்து ஒதுங்க வேண்டும். அவளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி ஒரு சத்தம். சின்னப்பையன் திரும்பிப் பார்க்கவே இல்லை. கை மட்டும் பின்னால் நீண்டு அவள் காலைப் பிடித்திருந்தது. பாதி வழியில் அவள் என் கையைச் சுரண்டினாள். குனிந்தேன்.

"தம்பிக்கு இனி பாலு?" என்றாள்.

என் கடையிலிருந்து தினமும் அனுப்புகிறேன் கண்ணு, தண்ணி கலக்காமல் அனுப்புகிறேன் என்றேன். அவள் சிரிக்கப் பார்த்தாள் என்றுதான் நினைக்கிறேன். அடிவாரத்துக்கு வந்தபோது அந்தச் சத்தம் நின்றிருந்தது. டிரைவர் அதற்கப்புறமும் ஹாரன் அடித்துக்கொண்டே சேலம் வரைக்கும் ஓட்டினார். 

எல்லாப் பிள்ளைகளுக்கும் எனக்கும் ஊசி போட்டார்கள். சின்னப்பையன் ஊசியில் பிழைத்துக்கொண்டார். கைப்பிள்ளையைச் சோதித்துப் பார்த்த ஆஸ்பத்திரி டாக்டர், பாலைக் காய்ச்சித்தானே கொடுத்தீர்கள் என்று கேட்டார். மூன்று பொங்கு என்றாள் அவள் அம்மா. அதனால்தான் பிள்ளை தப்பித்தது என்றார் டாக்டர்.  நான் சொல்லிக்கொடுத்த பாடம் தம்பியைக் காப்பாற்றியது. அவளைக் காப்பாற்றுகிற பாடம் எந்த சார்ட்டிலும் இல்லை.

செவலையையும் புல் கன்றையும் புதைக்க எஸ்டேட்டில் ஓர் ஒதுக்கமான இடம் பார்த்தார்கள். வாய் பிளந்த மாதிரி ஒரு பெரிய பாறை, அதை ஒட்டி. ஆள் ஆழத்துக்குக் குழி. மூட்டை மூட்டையாகச் சுண்ணாம்பு கொட்டினார்கள். கண்காட்சியில் வைத்த சார்ட்டுகள், அவள் உட்கார்ந்த பெஞ்சு, பை, துண்டு எல்லாவற்றையும் எரித்தார்கள். சோப்பு மட்டும் எரியாமல் உருகிக் கிடந்தது. இந்த நோயின் விதை மண்ணுக்குள் தலைமுறை தலைமுறையாகச் சாகாமல் கிடக்கும் என்று மாட்டு டாக்டர் சொன்னார். இங்கே மாடு மேயக் கூடாது, யாரும் தோண்டக் கூடாது. சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள்.

அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் பால் பாடம் முடிந்ததும் பிள்ளைகளை வரிசையாக அந்த வேலிக்கு நடத்திக் கூட்டிப்போவேன். கம்பிக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் சொல்வேன். அலமேலு என்று ஒருத்தி இருந்தாள் என்பதில் தொடங்குவேன். திடீரென்று செத்த மாட்டைத் தொடாதே, வலிக்காத கறுப்புப் புண்ணை நம்பாதே, இந்த மண்ணைத் தோண்டாதே. யாரும் கேட்டு வாங்காத பாடம். பரீட்சையில் வராத பாடம். அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்வார்கள், வீட்டில் உள்ளவர்கள் ஆடு மேய்க்கிறவர்களிடம் சொல்வார்கள். நான் இருந்தவரை ஒரு கன்றின் தோலையும் அந்த லைனில் உரிக்கவில்லை.

பிறகு என்னை வாழவந்திப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள், அதற்கப்புறம் அந்த எஸ்டேட் பக்கம் நான் போகவில்லை. பிள்ளைகள் குறைந்து அந்தத் தகரக் கூரைப் பள்ளிக்கூடத்தை இன்னொன்றோடு சேர்த்தார்கள். எஸ்டேட் கை மாறியது. சின்னப்பையன் இதற்கெல்லாம் வெகு முன்பே, கைப்பிள்ளை நடை பழகுவதற்குள், குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய், அங்கேயே கண்ணை மூடினார். அந்தக் கைப்பிள்ளை மாதேஷ் வளர்ந்து, கல்யாணம் முடித்து, வேலை தேடி இதே மலைக்குத் திரும்பி வந்தான். எப்போதாவது ஒண்டிக்கடையில் பார்த்தால் சைக்கிளை நிறுத்தி வணக்கம் சொல்வான். ஏதோ ஒரு ரிசார்ட்டில் தோட்ட வேலை என்று சொல்லியிருந்தான்.

மைக்கில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். என்ன பேசினேன் என்று ஞாபகம் இல்லை, கை தட்டினார்கள். பிறகு செடி நட அழைத்துப்போனார்கள். தவளைப் பாறையின் அடியில் குழி. இடுப்பளவு வெட்டி, மண்ணைப் பக்கத்தில் குவித்திருந்தார்கள். செம்மண்ணில் வெள்ளை வெள்ளையாகக் கட்டிகள். நான் பாறையை அண்ணாந்து பார்த்தேன். பச்சை பெயிண்ட்டுக்கு அடியில் அதன் பிளந்த வாய் எனக்குத் தெரிந்த வாய்.

குழிக்கு அந்தப் பக்கம் மண்வெட்டியோடு மாதேஷ் நின்றிருந்தான். வணக்கங்க டீச்சர் என்றான்.

"இதை யாருடா தோண்டினது?"

"நாந்தாங்க. ஒரே சுண்ணாம்பா வந்துச்சுங்க. பழைய ஊடு இடிச்சதக் கொட்டிருப்பாங்களாட்ட இருக்குது."

"இங்கே ஒரு வேலி இருந்ததே."

"எந்த வேலிங்க?"

அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. அக்கா ஒருத்தி காய்ச்சலில் போய்விட்டாள் என்பதோடு அவன் வீட்டில் பேச்சை நிறுத்தியிருக்கிறார்கள். பெற்றவர்களுக்கு அதற்கு மேல் சொல்ல நாக்கு எழுந்திருக்காது. சொல்ல வேண்டிய பள்ளிக்கூடம் இல்லை, லைன் இல்லை, மாடு இல்லை. கம்பியைப் பழைய இரும்புக்குப் போட்டிருப்பார்கள். பள்ளிக்கூடத்து அம்மாவிடம் பிள்ளைகளை இங்கிருந்து உடனே நகர்த்துங்கள், இந்தக் குழியை மூடுங்கள், மாட்டு டாக்டருக்குச் சொல்லி அனுப்புங்கள் என்றேன். மேடத்துக்கு வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று அவர் யாரிடமோ சொல்வது கேட்டது. பிள்ளைகள் ரப்பர் காம்பைப் பிழிந்து கத்திக்கொண்டிருந்தார்கள்.

நான் மாதேஷின் கையைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். சோப்பைப் போட்டு முழங்கைவரை நானே தேய்த்தேன். பெரிய ஆள், கூச்சத்தில் நெளிந்தான். மண் போனதும் மணிக்கட்டில் ஒரு புள்ளி தெரிந்தது. கல் பட்ட கீறலாகவும் இருக்கலாம்.

"இது எப்போ வந்தது சாமி?" என்றேன்.

"தெரியலைங்க டீச்சர்," என்றான். "வலிக்கவே இல்லைங்க."